அடைத்துக்கொண்ட பிரிண்டர் ஹெட்: கழுவுவதா, காத்திருப்பதா, மாற்றுவதா?

கறுப்பு எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழத் தொடங்கியதும் எல்லோரும் ‘ஹெட் கிளீனிங்’ கட்டளையைத்தான் அழுத்துகிறோம். சரிவராவிட்டால் இன்னொரு முறை, பிறகு இன்னொரு முறை. இந்தப் பழக்கத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மை உமிழும் ஹெட் எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் வைத்தியம் தொடங்க வேண்டும்.

எச்பி 680, கெனன் 745 போன்ற மைக் காட்ரிஜ்களில் ஹெட் காட்ரிஜோடு சேர்ந்தே வருகிறது. தோற்றாலும் நட்டம் ஒரு காட்ரிஜ்தான். எனவே துணிந்து கழுவலாம். டிஷ்யூவை நாலாக மடித்து, இளஞ்சூட்டு நீரில் நனைத்து, காட்ரிஜின் அடிப்பக்கத்தை அதன்மேல் சில நிமிடம் வையுங்கள். வண்ணக் காட்ரிஜில் மூன்று நிறங்களும் தனித்தனிப் பட்டைகளாகப் பதிந்தால் வழி திறந்துவிட்டது. செப்புத் தொடுமுனைகளை உலரத் துடைத்த பிறகே உள்ளே போட வேண்டும். பஞ்சு வேண்டாம், அதன் நார் துளைகளில் சிக்கும். நிறம் வராத காட்ரிஜால் தொடர்ந்து அச்சிடுவதும் ஆபத்து: இந்த வகை மையைச் சூடாக்கிக் குமிழி எழுப்பித்தான் துப்புகிறது, மை இல்லாமல் சூடானால் உள்ளே இருக்கும் நுண்சூடாக்கி கருகிவிடும்.

நீர் என்றதும் கிணற்றடிக்குப் போய்விடாதீர்கள். நம் யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. கேத்தலின் அடியில் படியும் அந்த வெள்ளைப் படிவு, தலைமுடியைவிட மெல்லிய துளைகளையும் விட்டுவைக்காது. பற்றரிக்கு ஊற்றும் வடித்த நீர் ஒரு போத்தல் வாங்குங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவத்தைக் கொண்டுவரும் கெட்டிக்காரர்களும் உண்டு. அதில் அசிற்றோன் இருந்தால் பிளாஸ்டிக்கே கரையும்.

எப்சன் எல்3110, எல்3250 போன்ற, மையை ஊற்றி நிரப்பும் மைத்தாங்கிப் பிரிண்டர்களின் கதை வேறு. ஹெட் இயந்திரத்தோடு பொருந்தியது, விலையும் அதிகம். இங்கே என் வாக்கு காத்திருப்பதற்கே. மூன்று முறை சோதித்துச் சுத்தம் செய்தும் கோடு போகாவிட்டால், குறைந்தது 12 மணிநேரம் அச்சிடாமல் விட்டுவிட்டு மீண்டும் சோதிக்கும்படி எப்சன் கையேடே சொல்கிறது. குழாயில் புகுந்த காற்றுக் குமிழிகள் அடங்க அந்த ஓய்வு தேவை. அதற்குப் பொறுமையில்லாமல் அழுத்திக்கொண்டே இருந்தால், ஒவ்வொரு முறையும் நல்ல மை உறிஞ்சப்பட்டுக் கழிவுமைப் பஞ்சுக்குப் போகிறது. அதில் எவ்வளவு மை சேர்ந்தது என்று பிரிண்டர் வைத்திருக்கும் கணக்கு நிரம்பிய நாளில் பிரிண்டர் வேலைநிறுத்தம் செய்யும். கடையில் மென்பொருளால் அந்தக் கணக்கைப் பூச்சியமாக்கித் தருவார்கள். பஞ்சு மட்டும் நனைந்தபடியே இருக்கும். அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஓய்வும் பலிக்காவிட்டால் அடுத்தது ஊறவைத்தல். வலது மூலையில் ஹெட் வந்து அமரும் ரப்பர் மூடிக்குள் வடித்த நீரைச் சில துளி விட்டு, ஹெட்டை அதன்மேல் நிறுத்தி இரவு முழுக்க விடலாம். ஊசிக்குழாயால் அழுத்திக் கழுவும் முறையைக் கடைசியில் வைக்கிறேன். காணொளிகளில் அது அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் பலம் கூடினால் நிறங்கள் கலக்கும், உள்ளடைப்புகள் கிழியும், மின்சுற்றில் ஒரு துளி விழுந்தால் ஹெட்டே போய்விடும். அந்தக் கட்டத்தில், ஹெட்டை மாற்றப் புதிய பிரிண்டரின் விலையில் எவ்வளவு பங்கு ஆகும் என்று கடையில் கேட்டுவிட்டு முடிவெடுப்பதே நல்லது. பாதியைத் தாண்டினால் நான் மாற்ற மாட்டேன்.

இரண்டுக்கும் நடுவே, கெனன் ஜி வரிசையிலும் எச்பி ஸ்மார்ட் டேங்கிலும் மைத்தாங்கி இருந்தாலும் ஹெட்டை வீட்டிலேயே கழற்றி மாற்றலாம். புதிதாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய வசதி இது.

அடைப்பு ஏன் வருகிறது என்று தேடினால், பல வீடுகளில் சுவரிலுள்ள சுவிட்ச்சுக்குத்தான் போய்ச்சேர வேண்டும். பிரிண்டரின் சொந்தப் பொத்தானால் அணைத்தால்தான் ஹெட் தன் மூடிக்குள் ஒழுங்காகப் போய் அமரும் என்று நம்பலாம். சுவரில் அணைத்தாலும், அச்சிடும்போது மின்சாரம் நின்றாலும் அது வெளியே திறந்து கிடக்கக்கூடும். சோளகம் வீசும் நாட்களில் மை காய இது போதும். மின்சாரம் வந்ததும் ஒரு தடவை இயக்கி, பொத்தானால் அணையுங்கள். கிழமைக்கு ஒரு வண்ணப் பக்கம் அச்சிடுவதும் உதவும்.

மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்து, பிள்ளையின் வினாத்தாளுக்காக மட்டும் திறப்பவர்களுக்கு இந்த வைத்தியம் எதுவும் நான் சொல்ல மாட்டேன். கறுப்பு வெள்ளை லேசர் பிரிண்டர் வாங்கட்டும். அதிலுள்ள டோனர் உலர்ந்த தூள். காய்ந்து அடைப்பதற்கு அங்கே ஈரமே இல்லை.