தண்ணீர்மலை நோட்டீஸும் ஆறு வருட லினக்ஸும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் குட்டி இந்தியா பக்கம் எங்கள் அச்சு வடிவமைப்புக் கடை. கல்யாண அழைப்பிதழ், கோயில் நோட்டீஸ், கருமக்கிரியை அறிவிப்பு, பிறந்தநாள் பேனர் என்று தமிழ் எழுத்து வேண்டிய வேலை எல்லாம் வரும். தைப்பூசம் நெருங்கினால் தண்ணீர்மலை முருகன் கோயில் வேலையும் சேர்ந்துகொள்ளும்: தண்ணீர்ப் பந்தல் நோட்டீஸ், அன்னதான ரசீதுப் புத்தகம், காவடிக் குழுக்களின் சட்டைக்கு எழுத்து. ஆறு வருடமாக இவ்வளவையும் விண்டோஸுக்குப் பதில் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தில்தான் செய்கிறேன்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்த பிறகு, இதே தொழிலில் இருக்கும் இரண்டு பேர் என்னிடம் விசாரித்தார்கள். "அக்கா, நம்ம வேலைக்கு லினக்ஸ் தாங்குமா?" என்பதுதான் அவர்கள் கேள்வி. இணையம் பார்க்க, வாட்ஸ்அப் பார்க்க, வங்கிக் கணக்கு பார்க்க எந்தக் கணினியும் போதும். ஃபயர்ஃபாக்ஸ் இருந்தால் முடிந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. காகிதத்தில் தமிழ் ஒழுங்காக விழுமா என்பதுதான் எங்களுக்குச் சோறு போடும் விஷயம். அவர்களிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

எனக்கும் இப்படித்தான் தொடங்கியது. 2020 ஜனவரியில் விண்டோஸ் 7 ஆதரவு நின்றது. கடையில் இருந்தது 2012ஆம் வருடத்துத் திங்க்பேட் டி430, பழையதாக வாங்கியது. புது விண்டோஸ் போட்டால் மூச்சு வாங்கியது. புதுக் கணினியும் அதற்கு வேண்டிய மென்பொருள்களும் வாங்கக் கையில் காசு இல்லை. யூஎஸ்எம்மில் படித்துக்கொண்டிருந்த அண்ணன் மகன் ஒரு பென்டிரைவில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 19.3 கொண்டு வந்தான். "பழசை அழிக்காமலே போட்டுப் பாக்கலாம் அத்தை, பிடிக்கலன்னா எடுத்துடலாம்" என்றான். அப்படியே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்த்தோம். கொம்தார் கடைத்தொகுதியில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு வட்டு) வாங்கிப் போட்டு, நினைவகத்தை 8 ஜிபி ஆக்கினோம். அந்த மார்ச் 18ஆம் தேதி கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கடையை மூடினோம். வீட்டில் உட்கார்ந்து பழகிக்கொள்ள நிறைய நேரம் கிடைத்தது.

முதல் தடை தட்டச்சில் வந்தது. நான் தமிழ்99 விசைப்பலகைப் பழக்கம். இடது கையில் உயிரெழுத்து, வலது கையில் மெய். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. இரண்டாவது ம விழும்போது முதல் ம தானாகப் புள்ளி வைத்துக்கொள்ளும். மின்டில் விசைப்பலகைப் பட்டியலைத் திறந்தால் 'தமிழ்நெட் 99' என்று பெயர் தெரிந்தது. சேர்த்தேன். எழுத்துகள் சரியான இடத்தில் இருந்தன, ஆனால் புள்ளி தானாக வரவில்லை. 'அமமா' என்று நின்றது. இரண்டு நாள் ஒவ்வொரு புள்ளியையும் தனியாகத் தட்டினேன். அப்புறம்தான் விளங்கியது: அந்தப் பட்டியலில் இருப்பது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற கணக்கு மட்டும். முன்பின் எழுத்தைப் பார்த்துப் புள்ளி வைக்கும் விதிகள் ஐபஸ் என்ற உள்ளீட்டு முறையில், எம்17என் தொகுப்போடு வரும் தமிழ்99இல் இருக்கின்றன. அதை நிறுவிய அன்றைக்கே என் வேகம் திரும்பிவிட்டது. மாறுகிறவர்கள் இந்த ஒன்றை முதலில் செய்யுங்கள். இதிலேயே மனம் விட்டுப்போய்த் திரும்பிப் போனவரை எனக்குத் தெரியும்.

அடுத்தது பக்க வடிவமைப்பு. பேஜ்மேக்கருக்குப் பதில் ஸ்க்ரைபஸ் என்றார்கள். மின்ட் அப்போது தந்தது பழைய 1.4 பதிப்பு. அதில் 'தண்ணீர்மலை' என்று அடித்தேன். ல முன்னால் நிற்க, ஐகாரக் குறி அதற்குப் பின்னால் போய் ஒட்டியது. 'கொடியேற்றம்' இன்னும் மோசம். கொம்பும் காலும் சேர்ந்து ஓரிடத்தில், க தனியாக ஓரிடத்தில். ஆங்கிலத்தில் எவ்வளவு அழகாக வேலை செய்தாலும் இதை வைத்து ஒரு நோட்டீஸ்கூட அடிக்க முடியாது. கணினியை அன்று மூடி வைத்துவிட்டேன்.

காரணம் தேடிப் பார்த்தான் அண்ணன் மகன். எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் 'லை' என்பது ல, அதற்குப் பின் ஐகாரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது குறியை முன்னால் தூக்கி வைப்பது எழுத்துருவையும் வரைபொறியையும் சேர்ந்த வேலை. ஸ்க்ரைபஸ் 1.4இல் அந்த வரைபொறி இல்லை. 2017இல் வந்த 1.5.3இல்தான் ஹார்ஃப்பஸ் என்ற பொறியை உள்ளே வைத்து, தமிழ், அரபு மாதிரியான எழுத்துகளுக்கு வழி செய்திருந்தார்கள். சரி, 1.5 வரிசையைத் தனிக் கோப்பாக இறக்கி ஓட்டினோம். 'தண்ணீர்மலை' தண்ணீர்மலையாகவே வந்து நின்றது. அந்தச் சொல்லை 72 புள்ளி அளவில் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒருவர் தன் மொழிக்காக உழைத்துச் சேர்த்தது நம் மொழிக்கும் கதவு திறந்துவிட்டது; அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு. 2024 ஜனவரியில் 1.6 நிலையான பதிப்பாக வந்ததிலிருந்து அந்தச் சிரமமும் இல்லை.

எழுத்துரு விஷயத்தில் கொடுத்து வைத்தவர்கள் நாம். மீரா இனிமை, பவனம், கவிவனார், அரிமா மதுரை, பலூ தம்பி என்று திறந்த உரிமத்தில் நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன. வணிக வேலைக்குப் பயன்படுத்தத் தனியாகக் காசு கட்ட வேண்டாம். சாய்ந்த கையெழுத்து போல இருக்கும் கவிவனாரில் மணமக்கள் பெயரைப் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் மறுபேச்சு இல்லை. கருமக்கிரியை அறிவிப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ். பேனருக்கு பலூ தம்பி; தூரத்திலிருந்தும் படிக்கலாம்.

இங்கே ஒரு நஷ்டக் கணக்கையும் சொல்ல வேண்டும். முதல் வருடம் ஒரு அழைப்பிதழை முழுக்க இன்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருளில் செய்து, பிறை ஊரில் உள்ள ஒரு அச்சகத்துக்கு பிடிஎஃப் அனுப்பினேன். திரையில் அருமையாக இருந்தது. அச்சாகி வந்தபோது சின்ன எழுத்துகளின் சுழிகளில் சிவப்பு நிழல். இன்க்ஸ்கேப் திரைக்கான வண்ண முறையில் வேலை செய்கிறது. அச்சுக்கு மாற்றும்போது கறுப்பு, நான்கு மையும் (நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு) கலந்த கறுப்பாகிவிட்டது. ஒவ்வொரு மைக்கும் ஓர் அச்சுத் தகடு; நான்கு தகடும் ஒரே இடத்தில் விழாமல் இம்மி விலகினாலும் ண, ன சுழிக்குள் வண்ணம் கசியும். 500 அட்டையையும் என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து முறை மாறிவிட்டது: மயிலும் மாவிலைத் தோரணமும் இன்க்ஸ்கேப்பில், எழுத்து மட்டும் ஸ்க்ரைபஸில், நூறு சதவீதக் கறுப்பில். பிடிஎஃப் ஆக்கும் முன் ஸ்க்ரைபஸின் முன்னோட்டத்தில் நான்கு மையையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். சிவப்புத் தகட்டில் ஒரு எழுத்தாவது தெரிந்தால் அனுப்பமாட்டேன். அதற்கப்புறம் ஒரு வேலைகூடத் திரும்பி வரவில்லை.

வேர்டுக்குப் பதிலான லிப்ரே ஆஃபிஸ் பற்றி இரண்டு விஷயம் மட்டும். கோயில் கமிட்டி அனுப்பும் வேர்டு கோப்புகளில் பெரும்பாலும் லதா எழுத்துரு இருக்கும். அது மைக்ரோசாஃப்டின் எழுத்துரு. லினக்ஸில் வேறு எழுத்துரு அதன் இடத்தில் உட்காரும்போது இரண்டு பக்கம் மூன்று பக்கமாக நீளும். எழுத்துரு மாற்றுப் பட்டியலில் அகலம் ஒத்துப்போகும் ஒன்றை நாமே குறித்து வைத்தால் ஓரளவு சரியாகும். இரண்டாவது, பாணிகளில் எழுத்தளவு மாற்றினால் தமிழ் அசையாமல் அப்படியே நிற்கும். அங்கே ஆங்கிலத்துக்கு ஒரு பெட்டி, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு வேறொரு பெட்டி. அந்த இன்னொரு பெட்டியில் மாற்ற வேண்டும். எழுத்துப்பிழை திருத்தியை நான் நிறுத்தி வைத்திருக்கிறேன். வேற்றுமை உருபும் புணர்ச்சியும் சேர்ந்த சரியான சொல்லையெல்லாம் தவறு என்று கோடு போடுகிறது.

பயந்த நாள் ஒன்று உண்டு. 2023 தைப்பூசம் பிப்ரவரி 5. அதற்குப் பத்து நாள் முன்னால் இரண்டாவது கணினியில் புதுப்பிப்புகளை எல்லாம் ஏற்றினேன். மறுநாள் காலை வைஃபை இல்லை. ரசீதுப் புத்தகத்துக்குத் திருத்தம் வாட்ஸ்அப்பில் காத்திருக்கிறது, பந்தல் பொறுப்பாளர் ஐயா மூன்று முறை அழைத்துவிட்டார். அந்த யூஎஸ்பி வைஃபைக்கான டிரைவர், கெர்னல் என்ற லினக்ஸின் உட்கருவோடு வருவதல்ல, நாங்கள் தனியாகச் சேர்த்தது. புதுக் கெர்னலுக்கு அது பொருந்தவில்லை. கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்து நிமிடத்தில் வைஃபை வந்துவிட்டது. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் அது தெரிய எனக்கு அரை நாள் ஆயிற்று. இப்போது வாரம் ஒருமுறை டைம்ஷிஃப்ட் என்ற மென்பொருள் கணினி அமைப்பைப் பிரதி எடுத்து வைக்கிறது. தை மாதத்தில் உலாவி, பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அந்த வைஃபைக் குச்சியையும் மாற்றிவிட்டேன். வாங்கும் முன் லினக்ஸில் நேராக ஓடுமா என்று பார்த்து வாங்கினால் இந்தப் பாடு இல்லை.

முடியாததையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் கொண்டு வரும் கோரல்டிரா கோப்புகளை இன்க்ஸ்கேப் திறக்கும். கோடுகளும் படங்களும் பெரும்பாலும் வரும், எழுத்து கலைந்துபோகும். எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்பச் சொல்கிறேன். எங்கள் ஸ்டிக்கர் வெட்டும் மெஷினுக்கு அதன் கம்பெனி விண்டோஸ் மென்பொருள் மட்டும்தான் தந்தது. அதற்காக ஒரு பழைய கணினி மூலையில் இருக்கிறது, இணைய இணைப்பு இல்லாமல். பேனர் அடிக்கும் இடத்துக்கு பிடிஎஃப் கொண்டுபோகிறோம், அதில் பிரச்சினை இல்லை. சாதாரண பிரிண்டர்கள் எதிர்பார்த்ததைவிட எளிது. புதிய மாடல்கள் டிரைவர் கேட்காமலே ஓடுகின்றன.

அதே டி430தான் இன்றும் ஓடுகிறது. மின்ட் 19.3இலிருந்து 20, 21, இப்போது 22. இந்த 22க்கு 2029 வரை ஆதரவு உண்டு. ஆறு வருடத்தில் அதற்கு ஆன செலவு அந்த எஸ்எஸ்டி, நினைவகம், ஒரு பேட்டரி. வருடத்துக்கு ஒருமுறை மின்ட் குழுவுக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) அனுப்புகிறேன். நன்கொடையில் ஓடும் வேலை அது. தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடுப்பது போலவே நினைத்துக் கொடுக்கிறேன்.

கடைசியாக அப்பாவின் கோப்புகள். 1990களில் அவர் பேஜ்மேக்கரில் செய்த கோயில் மலர்கள், அழைப்பிதழ்கள் எல்லாம் டிஸ்கெட்டுகளில் (ஃப்ளாப்பி) கிடந்தன. பேஜ்மேக்கரை நிறுத்தி எத்தனையோ வருடமாகிவிட்டது. யூஎஸ்பி டிஸ்கெட் பெட்டியைச் செருகினால் லினக்ஸ் நேராகப் படித்தது. லிப்ரே ஆஃபிஸ் டிரா 2015இலிருந்தே பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கிறது. பக்கமும் கட்டங்களும் வந்தன. எழுத்துகள் மட்டும் தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாக வந்தன. அந்தக் காலத்து எழுத்துருக்கள் யூனிகோடு அல்ல. சில கோப்புகள் டிஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் இருந்தன. அவற்றை ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் நிரல்தொகுப்பு மாற்றித் தந்தது. மற்றவற்றுக்கு நானும் அண்ணன் மகனும் எழுத்து எழுத்தாகப் பட்டியல் எழுதினோம். அவற்றில் கொம்பு கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே மெய்க்கு முன்னால் இருக்கும். அதைத் தூக்கிப் பின்னால் வைக்க வேண்டும். இரட்டைக் கொம்பும் காலும் இருந்தால் சேர்த்து ஓகாரமாக்க வேண்டும். ஔகாரம்தான் படுத்தியது. அதன் பின்பாதியும் ள எழுத்தும் ஒன்றுபோலவே இருப்பதால், கௌரி எல்லாம் 'கெளரி' ஆகிவிட்டார்கள், சௌந்தரம் 'செளந்தரம்' ஆனார். இதை நிரல் கண்டுபிடிக்காது. பெயர்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத் திருத்துகிறேன்.

போன மாதம் ஒரு அம்மா வந்தார். தன் கல்யாண அழைப்பிதழ் அப்பா செய்தது என்றும், வீட்டில் இருந்த பிரதி வெள்ளத்தில் போய்விட்டது என்றும் சொன்னார். வருடத்தைக் கேட்டுத் தேடினேன், கிடைத்தது. அவர் பெயரும் கௌரிதான். திருத்தி, அதே பழைய அட்டை நிறத்தில் அடித்துக் கொடுத்தேன். கீழே, அப்பா வழக்கமாகப் போடும் சின்னத் தாமரைக்குப் பக்கத்தில் எங்கள் கடையின் பழைய தொலைபேசி எண் இருந்தது. அதை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டேன். இன்னும் இரண்டு பெட்டி டிஸ்கெட் பாக்கி இருக்கிறது.