மாமர நிழலுக்கு எந்தப் பூங்கொடி?

காலையில் இரண்டு மூன்று மணி நேரம் சாய்வெயில், அப்புறம் நாள் முழுக்க மாமர நிழல். சென்னை மாதிரி வெக்கையான ஊரில் இப்படி ஓர் இடம் இருந்தால் அங்கே மல்லிகையை வைக்காதீர்கள். இலை தழைக்கும், மொட்டு வராது. முல்லைக்கும் அதே கதிதான். என் கணக்கில் அந்த இடத்துக்கு மூன்று கொடிகளைத்தான் யோசிக்கலாம்: செங்காந்தள், ஹோயா, கிளரோடென்ட்ரம்.

அழகு என்று மட்டும் பார்த்தால் செங்காந்தளை எதுவும் நெருங்க முடியாது. நம் மாநில மலர். பச்சை கலந்த மஞ்சளில் விரிந்து, நாளாக ஆகச் சிவப்பேறி, அலையலையான இதழ்கள் பின்னோக்கி வளைந்து நிற்கும். இலை நுனியே சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் மழைக்காலம் முடிந்ததும் கொடி காய்ந்துவிடும். அடுத்த மழை வரை வெறும் மண்தான். கிழங்கின் நுனியில் உள்ள முளை ஒடிந்தால் அந்தக் கிழங்கு முளைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, கிழங்கு, விதை, இலை என எல்லாமே விஷம். கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசின் உயிரையே எடுக்கும். சின்னக் குழந்தைகளோ ஆடு மாடோ உள்ள வீட்டில் வேண்டவே வேண்டாம்.

ஹோயா மரத்தில் தொற்றி வளரும் இனம். தோட்டத்துக் களிமண்ணில் வைத்தால் வேர் அழுகும். தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் போட்ட தொங்குதொட்டிதான் சரி. பூ உதிர்ந்த காம்பை வெட்டிவிடாதீர்கள், அதிலேயே மறுபடி பூக்கும். நர்சரிகளில் சாதாரணமாகக் கிடைக்கும் கார்னோசா வகைக்குப் பெங்களூரு போன்ற மிதமான ஊர் பிடிக்கும், சமவெளிக் கோடையில் சுணங்கிவிடும்.

அதனால் என் ஓட்டு கிளரோடென்ட்ரம் தாம்சோனியேவுக்கு. மேற்கு ஆப்பிரிக்கக் கொடி, வெக்கையும் ஈரமும் அதற்குப் பழக்கம். வெள்ளைப் புல்லி இதழ்களுக்குள்ளிருந்து ரத்தச் சிவப்பாக ஒரு பூ எட்டிப் பார்க்கும். சிவப்பு சில நாளில் உதிர்ந்தாலும் புல்லி உதிராமல் மெல்ல இளஞ்சிவப்பாக மாறும், கொடி பல வாரம் பூத்த மாதிரியே இருக்கும். புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால் ஒரு சுற்று பூத்து முடிந்ததும் தாராளமாகக் கவாத்து செய்யலாம். மாவுப்பூச்சி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து சாயங்காலம் தெளியுங்கள்.

மரத்தை ஒட்டியே குழி தோண்டாதீர்கள், மாமர வேர் தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடும். பெரிய தொட்டியில் வைத்து, பந்தலுக்கு ஒரு கம்பி கட்டிவிட்டால் போதும்.