கனோ விளிம்புச் சட்டத்துக்கு எந்த ஸ்க்ரூ? பித்தளை, எஸ்.எஸ்., வெண்கலம்

ஃபைபர் கனோவின் (துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு) விளிம்பில் உள்ளும் புறமுமாக ஓடும் இரண்டு தேக்குச் சட்டங்களையும் சேர்த்துப் பிடிப்பது ஸ்க்ரூ. சுண்ணாம்பாறு, அரியாங்குப்பம், பிச்சாவரம் என்று நம் பக்கத்துக் கழிகளில் ஓடும் படகுக்குத் தண்ணீரும் உப்பு, காற்றும் உப்பு. இங்கே ஸ்க்ரூவின் தலை எவ்வளவு பளபளக்கிறது என்று பார்த்து வாங்கக்கூடாது. மரத்துக்குள் ஈரத்தில், காற்றுப் படாமல் கிடக்கும் தண்டுதான் முதலில் அரிபடும்.

பித்தளையை எடுத்துக்கொள்வோம். வார்னிஷ் அடித்த தேக்கில் அதைவிட அழகானது எதுவும் இல்லை, அதனால்தான் பலரும் அதையே கேட்கிறார்கள். ஆனால் பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். உப்புநீர் துத்தநாகத்தை மட்டும் உருவிக்கொண்டு போகும். மிஞ்சுவது இளஞ்சிவப்பான, பொறபொறத்த செம்பு. வெளியே தலை நன்றாகவே இருக்கும். கழற்றப் போனால் கழுத்தோடு முறியும். ஊசுடு ஏரி போன்ற நன்னீரில் மட்டும் ஓடும் படகுக்குப் பித்தளை தாராளமாகப் போதும், கழிமுகத்துக்கு வேண்டாம். வாங்கும்போது காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு.

கருப்பு ஜிப்சம் ஸ்க்ரூவையும் ஜிங்க் பூச்சு ஸ்க்ரூவையும் படகுப் பக்கமே கொண்டுவர வேண்டாம். துருவோடு, தேக்கில் கருங்கறையும் இறங்கும்.

எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று கேட்டால் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம். 202, 304, 316 என்ற மூன்று தரங்களுக்கும் எஸ்.எஸ். என்றே பெயர். காந்தம் பலமாக இழுத்தால் 410 போன்ற வகை, உடனே திருப்பிக் கொடுக்கலாம். இழுக்கவில்லை என்றால் மீதி மூன்றில் எது என்று காந்தம் சொல்லாது. 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் உண்டு, உப்பைத் தாங்குவது அதனால்தான். மாலிப்டினம் சோதனைத் திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். பெட்டியில் ஏ4 என்று இருந்தால் 316 வகை. ஏ2 என்றால் 304. சில்லறையாக அள்ளிப் போடும் ஸ்க்ரூவை நம்பி வாங்காதீர்கள், மூடிய பெட்டியாகவே கேளுங்கள்.

316-க்கும் ஒரு குறை இருக்கிறது. அதன் மேல் படிந்திருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடு படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஆக்சிஜன் வேண்டும். ஊறிய மரத்துக்குள் அது கிடைக்காது. அங்கே குழிகுழியாக அரிக்கும். ஆகவே 316 போட்டால் ஒவ்வொரு துளையிலும் பாலிசல்ஃபைடு சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) வைத்தே முடுக்க வேண்டும். சிலிக்கான் வெண்கலத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏறக்குறைய 96 சதவீதம் செம்பு, 3 சதவீதம் சிலிக்கான். உருவிப் போகும் அளவுக்குத் துத்தநாகமும் கிடையாது. விலை பல மடங்கு, சாதாரண ஹார்டுவேர் கடையில் கிடைப்பதும் அரிது, வரவழைக்கத்தான் வேண்டும். வருடக்கணக்கில் வைத்துக்கொள்ளப் போகும் படகுக்கு எங்கள் தேர்வு இதுதான். உடம்பு அலுமினியமாக இருந்தால் மட்டும் வெண்கலம் கூடாது, செம்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். அதற்கு 316-உம் சீலன்ட்டும்.

அளவு: உள்சட்டம் 18 மி.மீ., ஃபைபர் 4, வெளிச்சட்டம் 20 என்று வைத்துக்கொண்டால் 8-ஆம் நம்பர், ஒன்றரை அங்குலம். அதாவது 38 மி.மீ. உள்ளிருந்து முடுக்கினால் வெளிச்சட்டத்தில் 16 மி.மீ. பிடிப்பு கிடைக்கும். ஒன்றேகால் அங்குலம் போட்டால் 10 மி.மீ. மட்டும்தான், போதாது. ஒன்றேமுக்கால் போட்டால் முனை வெளியே எட்டிப் பார்க்கும். 6 அங்குலத்துக்கு ஒன்று என்றால் 16 அடிப் படகுக்கு ஒரு பக்கம் 33, இரண்டு பக்கமும் 66. வளைவுக்கும் முறிவுக்கும் சேர்த்து 80 வாங்குங்கள்.

உள்சட்டத்திலும் ஃபைபரிலும் 4.5 மி.மீ. துளை, வெளிச்சட்டத்தில் 3 மி.மீ. இந்த இரண்டு அளவு துளையை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். ஒரே சின்னத் துளையாகப் போட்டால் மரை இரண்டு சட்டத்தையும் தனித்தனியாகப் பிடித்துக்கொள்ளும், நடுவில் உள்ள இடுக்கு மூடவே மூடாது. எஸ்.எஸ். ஸ்க்ரூ பலவற்றில் தலை வரை மரை ஓடுவதால் அதற்கு இது இன்னும் முக்கியம். முடுக்குமுன் மரையில் மெழுகு தேயுங்கள். சோப்பு வேண்டாம், அது ஈரத்தை இழுக்கும். பித்தளை மெத்தென்றது, அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் முடுக்கி மரை வெட்டி, கழற்றிவிட்டுப் பித்தளையைக் கையால் போட வேண்டும். டிரில் மெஷினில் முடுக்கினால் கிளட்சைக் குறைத்து வைத்து, கடைசி இரண்டு சுற்றைக் கையால் முடியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். எஸ்.எஸ். தலைக்குக் கீழே கண்ணீர்த் தாரை போலப் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் சீலன்ட் விட்டுவிட்டது என்று பொருள். அந்த ஒன்றைக் கழற்றி, ஃபைபர் தொடும் இடத்தில் தண்டைப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் சீலன்ட் வைத்துத் திரும்பப் போடலாம். குழி விழுந்திருந்தால் பக்கத்தில் உள்ள இரண்டையும் கழற்றிப் பார்த்துவிடுங்கள்.