ஜிப்பைப் பிரிக்காமலே படிக்க: ஈமேக்ஸ் உரைத்திருத்தி

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் உள்ள எங்கள் வாசகசாலையின் பழைய ஆண்டறிக்கைகளும் உறுப்பினர் பட்டியல்களும், தமிழும் மலையாளமும் கலந்து, ஜிப் கோப்புகளாகவே (பல கோப்புகளைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியவை) கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து வைக்காமல் படிக்கவும் திருத்தவும் சில மாதங்களாக லினக்ஸில் ஈமேக்ஸைப் பயன்படுத்தி வருகிறேன்.

ஜிப்பைத் திறந்ததும் உள்ளிருக்கும் கோப்புகளின் பட்டியல் வருகிறது. வேண்டியதன் மேல் என்டர் தட்டினால் திறக்கிறது. திருத்திச் சேமித்தால் மாற்றம் ஜிப்புக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. இந்த வசதிக்காகவே இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

சிக்கல் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்தான் இருக்கிறது. கோப்பின் பெயர் யூடிஎஃப்-8 முறையில் (எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் முறை) உள்ளது என்று சொல்ல ஜிப் வடிவத்தில் ஒரு பிட் உண்டு. உள்ளே இருக்கும் உரை எந்தக் குறியாக்கத்தில் உள்ளது என்று சொல்ல எதுவுமே இல்லை. ஆகவே ஈமேக்ஸ் பைட்டுகளை, அதாவது சேமிக்கப்பட்ட எண்களைப் பார்த்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகளாக, கறாரான ஒழுங்கில் அமைவதால் அந்த ஊகம் எனக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. சன்னலின் கீழ்ப்பட்டையில் இடப்பக்கம் 'யூ' என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால் நிம்மதியாகப் படிக்கலாம்.

ஆனால் 2003ஆம் ஆண்டின் அறிக்கை டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருந்தது. திறந்தபோது பின்சாய்வுக்கோடும் மும்மூன்று எண்களுமாகத் திரை நிறைந்தது. கோப்பு கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை. பைட்டுகள் அப்படியே இருக்கின்றன, வாசிப்புதான் பிழை. எழுத்துருவை மாற்றிப் பார்ப்பதும் தீர்வாகாது. எங்கள் ஊர்ப் பெயரின் முதலெழுத்தான 'கொ'வையே பாருங்கள்: டிஸ்கியில் அது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்று மூன்று பைட்டுகளாக இருக்கும், யூனிகோடிலோ ககரம் முதலில் வந்து, உயிர்க்குறி அதன் பின்னே வரும். வரிசையையே மாற்றித் தர வேண்டும் என்பதால், இத்தகைய கோப்புகளை வெளியே எடுத்து, லினக்ஸின் ஐகான்வ் கருவியில் டிஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8க்கு மாற்றிவிட்டே திறக்கிறேன். ஈமேக்ஸ் அறிந்த குறியாக்கம் என்றால் இவ்வளவு பாடு இல்லை: கண்ட்ரோலுடன் எக்ஸ், பிறகு என்டர், பிறகு சி என்று தட்டிக் குறியாக்கத்தின் பெயரைக் கொடுத்துவிட்டுக் கோப்பைத் திறந்தால் போதும்.

சேமிக்கும்போது ஈமேக்ஸ் காட்டும் கவனம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாம் தட்டிய எழுத்தைக் கோப்பின் குறியாக்கம் தாங்காது என்றால், எதில் சேமிப்பது என்று கேட்கிறது. அப்போது அவசரப்பட்டு யூடிஎஃப்-8 என்று சொல்லிவிட்டால் பழைய டிஸ்கி பைட்டுகளும் புதிய எழுத்துகளும் ஒரே கோப்பில் கலந்துவிடும் என்பதால், அந்த இடத்தில் சேமிப்பதை நிறுத்திவிட்டு முதலில் மாற்றிக்கொள்ளுங்கள்.

எங்கள் தொகுப்பில் ஒரு மலையாளப் பட்டியல் மட்டும், எப்போதோ ஆன்சியில் (மலையாள எழுத்துகளுக்கு இடமில்லாத பழைய விண்டோஸ் குறியாக்கம்) சேமிக்கப்பட்டு, வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகளாகவே இருக்கிறது. அதை எந்தத் திருத்தியாலும் மீட்க முடியாது. பழைய தாள் பதிவேட்டைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம்.