சவப்பெட்டி சிந்தசைசரும் வேலூர் வியர்வையும்

கோடை, மழை எல்லாம் பார்த்துவிட்டது என் மேசையிலுள்ள இந்தக் கருப்புப் பெட்டி, மின்சாரத்தில் ஒலி எழுப்பும் சிந்தசைசர். சவப்பெட்டி வடிவம், மேலே எலும்பு மாதிரி வெட்டிய ஆறு செப்புத் தகடுகள், உள்ளே 9 வோல்ட் பேட்டரி, சின்ன ஸ்பீக்கர். ஆர்மோனியம் மாதிரி கட்டைகள் இல்லை, திருகுவதற்கும் ஒன்றுமில்லை. தொட்டால் அலறும், கையை எடுத்தால் அடங்கும். செய்தவர் தனியாள். ‘மரண ஓலம்’ என்று சொல்லித்தான் விற்றார்.

சர்க்யூட் பழசுதான். ஆம்ஸ்டர்டாமின் ஸ்டெய்ம் என்கிற மின்னணு இசைக்கூடத்தில் மிஷெல் வைஸ்விஸ் 1970களில் உருவாக்கிய, தொட்டு வாசிக்கும் கிராக்கிள்பாக்ஸின் வாரிசு இது. அதிலும் ஆறு தகடு, சிக்னலைப் பெருக்கும் ‘ஆப்-ஆம்ப்’ சிப் ஒன்று, 709 வகை. தகடுகளில் விரல் வைத்ததும் நம் தோலே மின்தடையாகி சர்க்யூட்டில் சேர்ந்துகொள்ளும். ஆட்காட்டி விரலை பக்கத்துப் பக்கத்து இரண்டு தகட்டுக்குக் குறுக்கே லேசாக வைத்தால் எலி கீச்சிடும். அழுத்தினால் சுருதி ஏறும். மோதிர விரலை இன்னொன்றில் வைத்ததும் லாரி உறுமும். அதே விரல், அதே இடம், நாளைக்கு வேறு சத்தம்.

காரணம் வேலூர் வெயில். கத்திரியில் விரல் நனைந்தே இருப்பதால் எங்கே தொட்டாலும் வீச்சென்ற கத்தல்தான், நடுவில் எந்தச் சத்தமும் சிக்காது. பவுடர் போட்டுக்கொண்டால் கொஞ்சம் தேவலை. மார்கழிக் காலையில் வறண்ட விரலுக்கு டிக் டிக் என்று சொட்டும். எனக்குப் பிடித்தது அதுதான். வியர்வையால் தகட்டில் களிம்பு ஏறும். புளியைத் தொட்டுத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும்.

இருட்டு, மரணம் என்கிற கான்செப்ட்? மாசி அமாவாசையில் பாலாற்றங்கரை மயானக் கொள்ளைத் திருவிழாவைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் இது எடுபடாது. எங்கள் தெருவில் உடுக்கை அடிக்கும் அண்ணன் ஒருவர் கேட்டுவிட்டு, “என்ன தம்பி, பம்பைக்குச் சளி பிடிச்சிருக்கா?” என்றார். பிறகு அவரே என் கையிலிருந்து வாங்கி, உடுக்கையின் நடுக்கயிற்றை இறுக்கித் தளர்த்துகிற அதே பிடியில் அழுத்தினார். ஓலம் ஏறி இறங்கியது, அழுகைபோலவே. நான் இத்தனை நாள் குத்திக் குத்தித்தான் வாசித்திருக்கிறேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. பேட்டரியில் ஓடும்வரை பயமில்லை. சத்தத்தை வெளியே எடுக்கும் லைன் அவுட்டை ஆம்ப்ளிஃபையரில் சொருகினால் உங்கள் உடம்பும் அந்த இணைப்பில் இருக்கிறது. பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது. தகட்டைத் தொடாமலே வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்தால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். நான் பேட்டரி ரெக்கார்டரில் மட்டும்தான் பதிவு செய்கிறேன்.