30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி: ஏ வகை என்றால் வாங்கலாம்

மின்சாரம் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்தான் ஆர்சிசிபி. கடைக்காரர் இன்னும் ‘ஈஎல்சிபி’ என்று பழைய பெயரைச் சொல்லித்தான் எடுத்துக் கொடுப்பார். பெயரை விடுங்கள், முகப்பில் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள்: 2 போல் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது), 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் (ட்ரிப் ஆகும் கசிவு அளவு), ஐஎஸ் 12640 (இந்தியத் தர எண்). சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்கு இது போதும். ஓர் அலைக்குறி மட்டும் இருந்தால் ஏசி வகை. கூடவே அரை அலையும் இருந்தால் ஏ வகை. இன்வெர்ட்டர் ஏர்கண்டிஷனர், புது வாஷிங் மெஷின் இவற்றின் கசிவை ஏசி வகை பிடிக்காமல் விட வாய்ப்புண்டு. விலை கூடினாலும் ஏ வகைதான் சரி.

சாமானில் குறையில்லை, தலைவலி புது இணைப்புக்கு முன் மின்வாரியம் செய்யும் ஆய்வில்தான். மத்திய மின்சார ஆணையத்தின் 2023 பாதுகாப்பு விதிமுறை நாடு முழுக்க ஒன்றே. ஆனாலும் ஒரு செக்‌ஷன் ஆபீஸில் மீட்டர் பக்கத்திலேயே ஆர்சிசிபி வேண்டும் என்பார்கள், அடுத்த ஊரில் வீட்டுக்குள் இருக்கும் டிபி (மின் பகிர்வு) பாக்ஸில் இருந்தால் போதும் என்பார்கள். அதற்காக இரண்டு இடத்திலும் 30 மாட்டாதீர்கள். மாடியில் கீசர் கசிந்தால் கீழே இருப்பதும் சேர்ந்து ட்ரிப் ஆகும். ராத்திரியில் டார்ச்சோடு இறங்க வேண்டும். மீட்டரருகே தாமதமாக ட்ரிப் ஆகும் 100 மில்லி ஆம்பியர் ‘எஸ்’ வகை, டிபியில் 30 என்று போட்டால் இரு தரப்புக்கும் பதில் ஆயிற்று.

ஆய்வுக்கு வருபவர் டெஸ்ட் பட்டனை அழுத்துவார், ஒன்றும் நடக்காது. சப்ளையே வராத வீட்டில் எப்படி நடக்கும்? பட்டனுக்கு ஃபேஸும் நியூட்ரலும் வேண்டும். எர்த் வேண்டாம், அதனால் பட்டன் வேலை செய்வதை வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டவும் முடியாது. அதைத் தனியாக எர்த் டெஸ்டரில் அளக்க வேண்டும்.

இணைப்பு வந்த அன்றே ட்ரிப் ஆனால் பழி ஆர்சிசிபி மேல் விழும். பெரும்பாலும் வயரிங்தான் காரணம்: பேட்டரி இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை வெளி நியூட்ரல் பாரில் சேர்த்திருப்பார்கள், அல்லது ஏதோ ஒரு சுவிட்ச் பாக்ஸில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். பூசுவதற்கு முன்பே ஆர்சிசிபியைக் கழற்றி, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக் கட்டி, எர்த்துக்கு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) போடுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. அந்த அளவை வயர்மேனின் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எழுதி வாங்குங்கள்.

ஓவர்லோடை ஆர்சிசிபி தடுக்காது. அதற்கு முன்னால் 32 ஆம்பியர் எம்சிபி (ஓவர்லோடில் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம்.