லாச்சிகளில் தேக்கு ரேகை: புக் மெட்ச்சா, ஒரே ஓட்டமா?

உப்புவெளி வீட்டுக் குசினிக்குத் தேக்கு வெனியர், அதாவது தாள்போல மெல்லிசாகச் சீவிய மரம், ஒட்டிய பிளைவூட்டில் அலுமாரி செய்து மூன்று வருடமாகிறது. கதவுக்கும் லாச்சிக்கும் ரேகையை எப்படிப் பொருத்துவதென்று தச்சு பாஸோடு இரண்டு கிழமை இழுபறிப்பட்டேன்.

எதையும் பாராமல் கிடைத்த துண்டில் வெட்டினால் பலகையும் மிச்சம், காசும் மிச்சம். ஒரு லாச்சியில் மலை போன்ற ரேகை, அடுத்ததில் வெறும் கோடு. அதைப் பார்த்துக்கொண்டே தேங்காய் துருவ முடியுமென்றால் சரி.

புக் மெட்ச் என்பது, அடுத்தடுத்துச் சீவிய இரண்டு தாளில் ஒன்றைப் புரட்டி ஒட்டுவது. விரித்த புத்தகம் போல இருக்கும். சோடிக் கதவுக்கு அழகுதான். ஆனால் ஒரு தாளின் முதுகுப்பக்கம் வெளியே தெரிவதால், வெளிச்சம் சாய்ந்து விழும்போது ஒரு கதவு வெளிறியும் மற்றது கறுத்தும் தெரியும். மச்சானின் உடுப்பு அலுமாரியில் பார்த்தது இது, நான் செய்வித்ததில்லை.

நான் எடுத்தது ஒரே ஓட்டம். எட்டடிப் பலகையில் ஒரு நீளத் துண்டை எடுத்து, நாலு லாச்சி முகப்பையும் வரிசை குலையாமல் வெட்டுவது. வாள் தின்னும் மூன்று மில்லிமீற்றர், லாச்சிகளுக்கிடையே விடும் இடைவெளிக்குச் சரியாகிவிடும். ரேகை அறாமல் இறங்கும். வெட்டுமுன் பின்பக்கத்தில் சோக்கால் இலக்கமும் அம்புக்குறியும் போட்டாக வேண்டும். ஒன்று தலைகீழானால் எல்லாம் போச்சு.

பாஸின் பயம் வேறு. “தம்பி, இதில ஒண்டு பழுதானா நாலையும் மாத்தோணும்” என்றார். நியாயம்தான். கடற்காற்றும் மாரியும் உள்ள ஊரில் பழுது வராமலா போகும்? அதனால் சீவிய வரிசைப்படி இலக்கமிட்ட அதே பலகைக் கட்டிலிருந்து அடுத்த இலக்கப் பலகை ஒன்றைக் கூடுதலாக வாங்கினேன். வெனியரை அரை மில்லிமீற்றர் அளவில்தான் சீவுகிறார்கள். அதனால் அடுத்த தாளிலும் கிட்டத்தட்ட அதே மலை, அதே வளைவு.

போன மாரியில் சிங்க் குழாய் ஒழுகி அடி லாச்சி ஊதிவிட்டது. கூடுதல் பலகையில் அதே உயரத்தில் அளந்து வெட்டினார். ரேகை அப்படியே பொருந்தியது, நிறம்தான் பொருந்தவில்லை. வெளிச்சம் பட்டுப் பட்டுத்தான் தேக்கு பொன்னிறமாகும். என் பலகையோ இருட்டறையில் கிடந்தது. நாலு மாதம் போன பிறகும் உற்றுப் பார்த்தால் தெரிகிறது. மிச்சப் பலகையை இப்போது யன்னலோரம் சாத்தி வைத்திருக்கிறேன்.

வாடகைக்கு விடும் வீடென்றால் இந்தப் பாடு வேண்டாம். நேர்கோட்டு ரேகையுள்ள செயற்கை வெனியரைப் போடுங்கள். எதை எங்கே மாற்றினாலும் கண்ணில் குத்தாது.